ஜெர்மனியில் ஸ்போர்ட்ஸ் காரின் எக்ஸாஸ்டை மாற்றுவது எப்படி: முதலில் காகிதம், பிறகு சத்தம்

ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், 2014-இல் பதிவான டொயோட்டா ஜிடி86 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம் என்று ஓட்டுவதில் குறை சொல்ல எதுவும் இல்லாத வண்டி அது. சத்தம் மட்டும் ஒரு சாதாரணக் குடும்பக் காரின் சத்தம். ஊரில் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு மாலைக்குள் சைலன்சரை மாற்றிக்கொண்டு வந்துவிடுவோம் என்ற பழக்கத்தில், இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து 640 யூரோவுக்குப் பழைய எக்ஸாஸ்ட் வாங்கினேன். ஒரு பட்டறையில் 220 யூரோ கொடுத்து மாட்டினேன். சைலன்சர் மேல் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் எண்ணும் அச்சாகியிருந்ததால் அனுமதி உண்டு என்றே நம்பினேன். ஆய்வு நிலையத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிய ஆய்வாளர், துணியால் புகைக்கரியைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் கணினியில் தேடினார். அது வேறொரு மாடலுக்குக் கிடைத்த அனுமதி எண். வண்டியை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் முறையாகச் செய்து முடிக்க அதன்பின் பதினொரு வாரம் ஆனது. புதிதாக ஜெர்மனிக்கு வந்து, நல்ல வண்டி ஒன்றை ஆசையோடு வாங்கியிருக்கும் நீங்கள் அந்தப் பதினொரு வாரத்தையும் பணத்தையும் இழக்கக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ஃபார்ட்சாய்க்ஷைனைக் கையில் எடுங்கள்

வண்டியின் பதிவுச் சான்றின் முதல் பகுதியைத்தான் இங்கே எல்லோரும் ஃபார்ட்சாய்க்ஷைன் என்று சொல்கிறார்கள். மடித்துப் பர்ஸில் வைக்கும் அந்தக் காகிதத்தில் உங்களுக்கு வேண்டிய கட்டங்கள் சிலவே. யூ.1 என்ற கட்டத்தில் வண்டி நின்றிருக்கும்போது அளந்த ஒலி அளவு டெசிபெலில் இருக்கும்; யூ.2-இல் அந்த அளவை எடுத்த எஞ்சின் சுழற்சி வேகம் இருக்கும், யூ.3-இல் வண்டி முடுக்கத்தோடு கடந்து செல்லும்போது அளந்த ஒலி இருக்கும். சாலையில் காவல்துறை உங்களை நிறுத்தினால் அவர்களால் அங்கேயே அளக்க முடிவது நின்ற நிலை ஒலி மட்டும்தான் என்பதால், யூ.1, யூ.2 இரண்டையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 2.1, 2.2 ஆகிய கட்டங்களில் உள்ள உற்பத்தியாளர் எண்ணையும் மாடல் எண்ணையும், டி.2-இல் உள்ள வகை, உபவகைக் குறிகளையும், கே கட்டத்தில் உள்ள நீண்ட ஐரோப்பிய அனுமதி எண்ணையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கே எண்ணின் கடைசி இலக்கங்கள் அந்த அனுமதி எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதைக் காட்டுபவை. ஒரே பெயரில் விற்ற வண்டிதானே என்று பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எக்ஸாஸ்டின் அனுமதி ஐந்தாம் திருத்தம் வரை மட்டும் செல்லுபடியாகும் என்றிருந்து, உங்கள் வண்டி ஏழாம் திருத்தத்தின்படி பதிவாகியிருந்தால், பொருள் கச்சிதமாகப் பொருந்தினாலும் சட்டப்படி அது உங்கள் வண்டிக்கு உரியதாகாது.

வண்டி முதன்முதலில் பதிவான தேதியையும் பாருங்கள். ஒலி அளவுக்கான ஐரோப்பிய விதி 2016 ஜூலை முதல் கடுமையாகி, புதிய மாடல்களை முன்பைவிட விரிவான வேக, முடுக்க நிலைகளில் சோதிக்கத் தொடங்கினார்கள். 2018-க்குப் பிறகு வந்த நேரடி எரிபொருள் பாய்ச்சல் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் துகள் வடிகட்டியும் சேர்ந்துவிட்டது. அது ஒலியை மட்டுப்படுத்தும், அதை எடுக்கவும் கூடாது. ஆகவே ஒரே மாடலில்கூட 2015-இல் பதிவான வண்டிக்குக் கிடைக்கும் எக்ஸாஸ்ட் 2019-இல் பதிவான வண்டிக்குக் கிடைக்காமல் போகலாம். இன்னும் வண்டியே வாங்காதவர்கள், சத்தம் முக்கியம் என்றால், பதிவு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

2. எந்த வகை அனுமதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 19-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வண்டியில் செய்த மாற்றம் அதன் வகையை மாற்றினாலோ, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் என்று கருத இடமிருந்தாலோ, புகை அல்லது ஒலி நிலையை மோசமாக்கினாலோ, வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். எக்ஸாஸ்ட் மாற்றம் மூன்றாம் காரணத்துக்குள் நேராக வந்து விழுகிறது. அப்படி விழாமல் காப்பாற்றுவது பொருளோடு வரும் காகிதம்தான்; அதைப் பொறுத்து நான்கு வழிகள் உண்டு.

ஐரோப்பிய அனுமதி பெற்ற எக்ஸாஸ்ட்தான் எல்லாவற்றிலும் எளிது. சைலன்சரில் வட்டத்துக்குள்ளோ செவ்வகத்துக்குள்ளோ ‘ஈ’ குறியும், அனுமதி கொடுத்த நாட்டின் எண்ணும் பதிந்திருக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 12 என்றால் ஆஸ்திரியா. உங்கள் வண்டி அந்த அனுமதிப் பட்டியலில் இருந்தால் ஆய்வும் வேண்டாம், பதிவும் வேண்டாம். இருந்தாலும் அனுமதித் தாளின் நகல் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். சாலையோரத்தில் அரை மணி நேரப் பேச்சு மிச்சமாகும்.

இரண்டாவது ஆபேஏ எனப்படும் பொது இயக்க அனுமதி. இதன் நகலை வண்டியில் வைத்திருப்பது கட்டாயம். சில ஆபேஏ தாள்களில், மாட்டியவுடன் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும் என்பதால், முதல் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது டைலெகுட்டாக்டன் எனப்படும் பாக ஆய்வறிக்கை. இது இருந்தால், மாட்டிய பிறகு தாமதமின்றி டியூஃப், டெக்ரா போன்ற ஆய்வு அமைப்பு ஒன்றிடம் போய் மாற்றத்துக்கான ஆய்வை முடிக்க வேண்டும். பட்டறையிலிருந்து ஆய்வு நிலையத்துக்கு நேராகப் போகும்படி நாளைத் திட்டமிடுங்கள். நடுவில் வார இறுதிச் சுற்றுலா கிளம்ப வேண்டாம்.

நான்காவது ஐன்ட்சல்அப்நாமே, அதாவது எந்தக் காகிதமும் இல்லாத பொருளுக்கான தனி வண்டி ஆய்வு. புகை, ஒலி இரண்டையும் முழுமையாக அளந்து நிரூபிக்க வேண்டியிருப்பதால் எக்ஸாஸ்டைப் பொறுத்தவரை செலவு ஆயிரம் யூரோவை எளிதில் தாண்டும், முடிவுக்கும் உத்தரவாதம் இல்லை. புதிதாக வந்தவர் இந்த வழியில் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விளம்பரங்களில் ‘ஓனெ டியூஃப்’ என்றோ ‘நூர் ஃபூர் ரென்ஷ்போர்ட்’ என்றோ பார்த்தால், பொதுச்சாலையில் ஓட்ட அனுமதி இல்லாத பொருள், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று பொருள். விலை பாதியாக இருப்பதன் காரணமும் அதுவே. ஜெர்மன் மொழி இன்னும் கைவராத காலத்தில் நம்மில் பலர் ஏமாறுவது இந்த இரண்டு தொடர்களில்தான்.

3. எந்தப் பகுதியை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது

எஞ்சினிலிருந்து வெளிவரும் வாயு முதலில் சிலிண்டர்களின் குழாய்களை ஒன்றுசேர்க்கும் மானிஃபோல்டுக்கும், பிறகு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும், அங்கிருந்து நடுக் குழாய்க்கும், கடைசியாகப் பின்பக்கச் சைலன்சருக்கும் போகிறது. நீங்கள் மாற்ற வேண்டியது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும். இதை இங்கே ‘கேட்-பேக்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கன்வெர்ட்டரையோ மானிஃபோல்டையோ தொட்டால் ஒலியோடு புகையும் கேள்விக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கட்டாய ஆய்வில் குழாய் முனையிலேயே புகையை அளப்பது 2018 முதல் எல்லா வண்டிகளுக்கும் பொது என்பதால் அது மறைந்தும் இருக்காது.

ஜிடி86-இல் பாக்ஸர் எஞ்சின் இருந்தும் பழைய சுபாருவின் அந்த இடறி இடறி உறுமும் ஒலி ஏன் வருவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஒலி, நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வரும் குழாய்கள் வெவ்வேறு நீளத்தில் இருந்து, துடிப்புகள் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதால் பிறப்பது. ஜிடி86-இன் மானிஃபோல்டில் குழாய்கள் சம நீளம். பின்பக்கச் சைலன்சரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த உறுமல் வராது. அதற்காக மானிஃபோல்டை மாற்றும்படி ஆலோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். என் காரில் முதல் கன்வெர்ட்டர் மானிஃபோல்டோடு சேர்ந்தே இருப்பதால், அது நேராகச் சட்டச் சிக்கலுக்குள் கொண்டுபோய் விடும் ஆலோசனை.

சைலன்சர் இரண்டு விதமாக ஒலியைக் குறைக்கிறது. உள்ளே அறைகளாகப் பிரித்து ஒலியலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குவது ஒரு விதம். துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ பசால்ட் இழையோ திணித்து, கூரிய ஒலிகளை உறிஞ்ச வைப்பது மற்றது. கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் முதல் விதத்தையும், மாற்று எக்ஸாஸ்ட்கள் பெரும்பாலும் இரண்டாம் விதத்தையும் சார்ந்திருக்கும். இழைகள் காலப்போக்கில் எரிந்து மெலிவதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே சைலன்சர் கூடுதலாகச் சத்தம் போடும். ஆகவே அனுமதி அளவின் விளிம்பிலேயே நிற்கும் பொருளை வாங்காமல், கொஞ்சம் இடைவெளி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பொருள் வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம்.

அதைவிட முக்கியம் காருக்குள் வரும் அடர்ந்த ரீங்காரம். இங்கே ‘ட்ரோனென்’ என்பார்கள். என் முதல் எக்ஸாஸ்டில், ஏ8 நெடுஞ்சாலையில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 3000 சுழற்சி அருகில் காதை அடைப்பது போன்ற ஒரு தாழ்ந்த ஒலி எழுந்தது. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை வெடிப்பதால், 3000 சுழற்சியில் விநாடிக்கு 100 துடிப்புகள் வரும். காரின் உட்புறம் இத்தகைய தாழ்ந்த அதிர்வுக்கு எளிதில் எதிரொலிக்கும். இதை அடக்குவதற்காகத்தான் நல்ல எக்ஸாஸ்ட்களில் நடுச் சைலன்சர் ஒன்றை விட்டுவைத்திருப்பார்கள், அல்லது பக்கவாட்டில் முனை மூடிய ஒரு கிளைக் குழாய் வைத்திருப்பார்கள். நடுச் சைலன்சரே இல்லாத பொருளை, நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு வாங்காதீர்கள். இணையத்தில் கேட்கும் பதிவுகள் எல்லாம் வெளியே நின்று எடுத்தவை என்பதால் அவற்றில் இது தெரியாது. அதே எக்ஸாஸ்ட் மாட்டிய ஒருவரின் காரில் உட்கார்ந்து, ஐந்தாம் கியரில் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். இங்குள்ளவர்கள் கேட்டால் மறுப்பதில்லை. நான் இரண்டாம் முறை வாங்கும் முன் அப்படித்தான் செய்தேன்.

குழாயின் விட்டம் பெரிதானால் ஒலி நன்றாகும் என்பதும் தவறான எண்ணம். டர்போ இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு 60 முதல் 63 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் ஒலி உள்ளீடற்று, தகர டப்பாவில் பேசியது போல் ஆகிவிடும்.

4. வாங்கும் முன் ஒப்பிட வேண்டியவை

ரெமுஸ், பாஸ்டுக், ஃப்ரீட்ரிஷ் மோட்டார்ஸ்போர்ட் போன்ற நிறுவனங்கள் அனுமதியோடு கூடிய எக்ஸாஸ்ட்களை விற்கின்றன. எந்த நிறுவனமானாலும் பணம் கட்டும் முன் அனுமதித் தாளின் முழுக் கோப்பையும் பின்னிணைப்புகளோடு கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். முதல் படியில் எழுதிக்கொண்ட எண்களை அதில் உள்ள பட்டியலோடு ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள்.

அந்தக் கோப்பிலேயே இன்னும் மூன்றைத் தேடுங்கள். வண்டியின் மற்ற பாகங்கள் கம்பெனி நிலையிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக எல்லாத் தாள்களிலும் உண்டு. முந்தைய உரிமையாளர் ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தால் புதிய எக்ஸாஸ்டின் அனுமதியும் சேர்ந்து போய்விடும். மாட்டிய பிறகு நின்ற நிலை ஒலி எவ்வளவு இருக்கலாம் என்று தனி எண் கொடுத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றக்கூடிய ஒலிக் குறைப்பான் இருந்தால், அதைக் கழற்றாமல் ஓட்டுவதற்குத்தான் அனுமதி என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள வால்வைத் திறந்து மூடத் தனியாக விற்கும் ரிமோட் கருவிகளின் பக்கம் போகவே வேண்டாம். காவல்துறை முதலில் தேடுவதே அதைத்தான்.

பழைய பொருள் வாங்குபவர்கள் சைலன்சரில் பதிந்த எண்ணின் தெளிவான படத்தை முன்கூட்டியே கேட்டு, அதைக் காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். நான் இந்த ஒன்றைச் செய்திருந்தால் 640 யூரோ தப்பியிருக்கும்.

5. செலவும் காலமும்

என் வகை வண்டிக்கு, அனுமதியோடு கூடிய துருப்பிடிக்காத எஃகு கேட்-பேக் 800 முதல் 1500 யூரோ வரை ஆகும். மாட்டும் கூலி 150 முதல் 300 யூரோ. புதிய கேஸ்கெட், போல்ட், தொங்கு ரப்பர்களுக்கு 40, 50 யூரோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கான ஆய்வு 50 முதல் 100 யூரோவுக்குள் முடியும். பதிவு அலுவலகத்தில் புதிய ஃபார்ட்சாய்க்ஷைனுக்கு 15 யூரோ அளவில் ஆகும். எல்லாம் சேர்த்து 1100-இல் தொடங்கி 2000 யூரோவுக்குள் என்று கணக்கு வையுங்கள்.

காலம்தான் பலர் கணக்கிடாதது. பல எக்ஸாஸ்ட்களை ஆர்டர் வந்த பிறகே செய்கிறார்கள் என்பதால் கைக்கு வர மூன்று முதல் எட்டு வாரம் ஆகலாம். ஏப்ரல் மாதத்தில், ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் செல்லும் கோடைக்கால நம்பர் பிளேட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வண்டியை வெளியே எடுப்பதால், பட்டறையிலும் ஆய்வு நிலையத்திலும் நேரம் கிடைப்பது கடினம். நவம்பரில் ஆர்டர் கொடுத்து ஜனவரியில் மாட்டினால் வரிசையே இருக்காது.

6. மாட்டும்போது

பட்டறையில் கொடுத்தாலும் இந்தச் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பழைய போல்ட்களில் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகக் கோத்து, முனைகளைப் பம்பரின் நடுவே சரிபார்த்துவிட்டு, அதன்பின் முன்னிருந்து பின்னாக முறுக்க வேண்டும். எக்ஸாஸ்ட் சூடானால் நீளும் என்பதால் பம்பருக்கும் குழாய்க்கும் இடையில் விரல் அகல இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகும். எஞ்சினை ஓடவிட்டுக் கனத்த துணியால் குழாய் முனையை ஒரு கணம் அடைத்துப் பார்த்தால், கசிவு இருக்கும் இணைப்பு ‘உஸ்’ என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அனுமதி எண் பதிந்த பகுதி கீழே நின்று பார்த்தால் படிக்கும்படி இருக்கிறதா என்று லிஃப்டில் இருக்கும்போதே பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறை ரசீதில் பொருளின் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

7. ஆய்வும் பதிவும்

ஆய்வு நிலையத்துக்கு ஃபார்ட்சாய்க்ஷைன், அனுமதிக் கோப்பு முழுவதும், மாட்டும் வழிமுறைத் தாள், ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒலியை அளப்பதாக இருந்தால், குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்ரோஃபோனை வைத்து, யூ.2-இல் உள்ள சுழற்சி வேகத்தில் எஞ்சினைச் சீராக ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடச் சொல்வார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும் என்பதால் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள்.

ஆய்வில் கிடைக்கும் தாளில், பதிவு ஆவணத்தில் உடனே சேர்க்க வேண்டுமா, அடுத்த முறை அலுவலகம் போகும்போது சேர்த்தால் போதுமா என்று எழுதியிருக்கும். போதும் என்று இருந்தாலும் அந்தத் தாளை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால், நான் உடனே பதிவு செய்வதையே விரும்புகிறேன். ட்சூலாஸுங்ஸ்டெல்ல எனப்படும் பதிவு அலுவலகத்துக்கு ஜெர்மன் அடையாள அட்டை இல்லாத நாம் பாஸ்போர்ட்டோடு முகவரிப் பதிவுச் சான்றையும் எடுத்துப் போக வேண்டும். பதிவுச் சான்றின் இரண்டாம் பகுதியைக் கேட்கும் அலுவலகங்களும் உண்டு. கடனில் வாங்கிய வண்டியென்றால் அது வங்கியிடம் இருக்கும் என்பதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

8. காப்பீடும் குத்தகையும்

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அனுமதியுள்ள எக்ஸாஸ்டுக்காக என் கட்டணம் கூடவில்லை. பதில் மின்னஞ்சலை மட்டும் சேமித்து வைத்திருக்கிறேன். லீசிங் வண்டியாக இருந்தால் உரிமையாளர் நீங்கள் இல்லை, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

9. சாலையில் நிறுத்தினால்

சத்தமான வண்டிகளைக் குறிவைத்துச் சோதிக்கும் தனிக் குழுக்கள் மான்ஹைமில் 2016-இலேயே தொடங்கிவிட்டன. இப்போது பல நகரங்களில் உண்டு. நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, காகிதங்களைக் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுங்கள். நின்ற நிலை அளவீட்டில் ஆவணத்தில் உள்ள எண்ணுக்கு மேல் 5 டெசிபெல் வரை சலுகை கொடுப்பது வழக்கம். அளவு மீறியதாகவோ மாற்றம் அனுமதியற்றதாகவோ தெரிந்தால், அபராதம் சிறியதாக இருந்தாலும், வண்டியைக் கைப்பற்றி நிபுணரிடம் அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இழுத்துச் செல்லும் செலவும் நிபுணர் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும், தேவையில்லாமல் எஞ்சினை உறுமவிட்டால் அது தனிக் குற்றம். 80 யூரோ அபராதம். ஊருக்குள் காரணமின்றிச் சுற்றிச் சுற்றி வந்து மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்தால் 100 யூரோ. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் நான் இரண்டாயிரம் சுழற்சியைத் தாண்டுவதில்லை; பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கழற்றிய பழைய எக்ஸாஸ்டை விற்றுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போதும், மாட்டிய பொருளின் இழை எரிந்து ஒலி கூடிவிட்டால் அதைப் பழுதுபார்க்க அனுப்பும் வாரங்களிலும் அது தேவைப்படும். இணைப்பு முகங்களில் கொஞ்சம் எண்ணெய் தடவி, முனைகளைப் பிளாஸ்டிக்கால் கட்டி, கழற்றிய தேதியையும் அப்போதைய கிலோமீட்டரையும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டு நிலவறையில் வைத்தால் போதும். என்னுடையது சைக்கிள்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறது.